நாற்பத்தொரு கையெழுத்தும் ஒரு பென்சிலும்

சட்டப் புத்தகத்தில் எனக்கு முதன்முதலில் சிரிப்பு மூட்டியது ‘மோசடியாக’ என்ற சொல்தான். மோசடி செய்யும் எண்ணத்தோடு ஒருவர் ஒரு காரியத்தைச் செய்தால் அவர் அதை மோசடியாகச் செய்தார் எனப்படும், மற்றபடி எனப்படாது. தண்டனைச் சட்டம் கொடுக்கும் விளக்கம் அவ்வளவுதான். தண்ணீராக இருப்பதுதான் தண்ணீர் என்பது மாதிரி. காலை ஆறு மணி ரயிலில் பெண்கள் பெட்டியில் நின்றபடி இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாயில், ஃபோர்ட் பக்கம் காலை நேரச் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு வகுப்பு விட்டால், பத்து மணிக்குள் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். அன்று வகுப்பில் பேராசிரியர் அதே சொல்லை எடுத்தார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை, ஒரு கேள்வி போட்டார். ஒருவன் கல்யாண வீட்டுக்குப் போகிறான். தான் பட்டதாரி என்று சொல்லிக்கொள்கிறான். பச்சைப் பொய். அவர்கள் நம்பி அவனை முதல் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். இது மோசடியா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முதல் பந்தியிலும் மூன்றாம் பந்தியிலும் அதே லட்டுதானே என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். பேராசிரியர் சிரித்துவிட்டு, “சரி, அதே பொய்யைச் சொல்லி அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டால்?” என்றார். அப்புறம் அவர் சொன்னது எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. ஏமாற்று என்பது பாதிதான். அந்த ஏமாற்றினால் ஒருவருக்குக் கேடு வர வேண்டும், அல்லது கேடு வரட்டும் என்றோ தனக்கு உரிமையில்லாத ஆதாயம் கிடைக்கட்டும் என்றோ நினைத்துச் செய்திருக்க வேண்டும். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் மோசடி. ஒரு பாதி மட்டும் இருந்தால் அது வெறும் பொய். பொய்யைக் கடவுள் பார்த்துக்கொள்வார், கோர்ட்டுக்கு அந்த வேலை இல்லை.

எவ்வளவு அழகான கணக்கு! ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, “அப்போ பால்காரன் தண்ணி கலக்கறது எந்தப் பாதிடீ?” என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். “இதுக்கா ஃபீஸ் கட்டிப் படிக்கறே?” என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்து போவேன். அங்கே ஒரு தோல்பைப் பட்டறையின் மேல்தளத்தில், பலகை போட்ட ஒரு மச்சில், பெண்களுக்கு எழுத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கீழே தையல் மெஷின் ஓடினால் மேலே எங்கள் சிலேட்டும் ஆடும். வந்தவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், அந்த ஒரே சந்தில் குடியிருந்தவர்கள். பாதிப் பேர் முஸ்லிம்கள், பாதிப் பேர் இந்துக்கள். அவர்களுக்குக் கதை படிக்க ஆசையில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும்.

வகுப்பு என்னுடையது என்று சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையில் அதை நடத்தியது லாத்தா. அக்காவுக்கு முஸ்லிம் வீடுகளில் உள்ள சொல் அது. சந்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஊரில் ஐந்தாவது வரை படித்தவள். கணவன் இறந்து நாலு வருஷம், இரண்டு குழந்தைகள். செம்பூரில் ஒரு மருந்து கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டியும் ஒரு லேபிள் கோணாமல் ஒட்டுகிற கை. அந்தக் கைதான் வகுப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்தது.

நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு எழுதச் சொல்வேன். அவர்களுக்கு வரவில்லை. ‘ழ’ வரைவதற்குள் மழையே நின்றுவிடும். இரண்டு மாதம் பார்த்துவிட்டு லாத்தா ஒரு பென்சிலை எடுத்தாள். ஒவ்வொருத்தியின் நோட்டிலும் அவளவள் பெயரைப் பென்சிலில் மெல்லிசாக எழுதிக் கொடுத்து, “இதும்மேலயே பேனாவ ஓட்டுளா. வண்டிப்பாதை கெடக்கு, நீ மாட்டை ஓட்டு, அவ்வளவுதான்” என்றாள். ஓட்டினார்கள். நாள் போகப் போகப் பென்சில் கோட்டை மங்கலாக்கினாள். பிறகு முதல் எழுத்துக்கு மட்டும் கோடு. பிறகு ஒரு புள்ளி. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை அவளுக்கு.

அந்தச் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. அடுத்த சந்தில் போய் வரிசை நிற்க வேண்டும், அங்கே இருப்பவர்கள் நிரப்பியது போக மீதிதான் இவர்களுக்கு. குழாய் கேட்டு வார்டு ஆபீஸுக்கு மனு எழுதலாம் என்று லாத்தாதான் சொன்னாள். இங்கிலீஷில் நான் டைப் அடித்துக் கொடுத்தேன். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம். கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டதாக அடுத்த ஞாயிறு லாத்தா சொன்னாள். நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு கையெழுத்து. ஒரு கைநாட்டுக்கூட இல்லை என்று சந்தே பெருமையில் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். ஆபீஸ் விட்டு வீட்டு வாசலுக்கு வந்தால் மாடிப்படிக்குக் கீழே லாத்தா நிற்கிறாள். கம்பெனிச் சேலைகூட மாற்றவில்லை. அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “ரொம்ப நாழியா நிக்கறா. மேலே வான்னா வர மாட்டேங்கறா. ஏதோ காயிதமாம்” என்றாள்.

காகிதம் வார்டு ஆபீஸிலிருந்து. மனுவில் முதல் கையெழுத்து லாத்தாவுடையது என்பதால் அவள் பேருக்கு வந்திருந்தது. நான் படித்தேன். மனுவுக்கு ஆட்சேபம் வந்திருக்கிறது. கையெழுத்துகள் அனைத்தும் போலி என்று ஆட்சேபத்தில் கண்டிருக்கிறது. பரிசீலித்ததில் ஒவ்வொரு கையெழுத்தின் அடியிலும் பென்சில் தடம் இருக்கிறது, எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன. சனிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். போலி என்று தெரிந்தால் மேல் நடவடிக்கைக்குப் போலீசுக்கு அனுப்பப்படும்.

“லாத்தா, மனுவுலேயும் பென்சிலா?” என்றேன்.

“பின்ன? அவ்வளவு பேருக்கும் அதுக்குள்ள கை திரும்பிட்டா என்ன? பாதிப் பேருக்குப் பேனாவப் புடிச்சாலே நடுங்குது. பென்சில்ல போட்டுக் கொடுத்தேன். மேல மை அவளுவதான் போட்டாளுவ. வீடு வீடாப் போயி, கூடயே இருந்து...”

“அழிச்சிருக்கலாமே.”

“ரப்பரு வாங்க மறந்துட்டேன் தங்கச்சி.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் முதலில் பென்சிலில் பிரதி எடுத்து அதன்மேல் மை ஓட்டுவான் என்று எங்கள் சாட்சியச் சட்ட வகுப்பில் பாடமே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும் என்பார்கள். நாற்பத்தொரு நேர்மையான பெண்கள் கள்ளக் கையெழுத்தின் அச்சு அசல் அடையாளத்தோடு மனு கொடுத்திருந்தார்கள். வேறு எந்த ஊரில் யாருக்கு இந்தத் தப்பு வரும்?

ஆட்சேபம் கொடுத்தது யாரென்று கேட்டேன். “தகரக் கோடவுன் அண்ணாச்சிதான். அவுக சுவர் ஓரமா குழாய் வருதுல்லா” என்றாள். சந்து முனையில் காலி எண்ணெய் டின்களை அடுக்கி விற்பவர். வகுப்புக்கு வரும் பெண்கள் படியேறும்போது, “கலெக்டர் பரீட்சை எப்பம்மா?” என்று கிண்டல் செய்வார்.

“தங்கச்சி, போலீசுக்குப் போயிருமா? நெசமாச் சொல்லு. அடுத்த மாசம் எனக்குப் பெர்மனென்ட். மூணு வருசமா ஆறு மாசத்துக்கு ஒருக்கா நிறுத்தி நிறுத்தி எடுக்காவ. இப்பம்தான் பேரு லிஸ்ட்ல வந்திருக்கு. போலீஸ் கேஸ் எதுவும் இல்லன்னு எழுதிக் கேப்பாவ. ஒரு கேஸ்னு வந்துட்டா அந்த வாசல்ல என்னைய நிக்க விட மாட்டாவ.”

எனக்கோ உள்ளுக்குள் ஒரே துள்ளல். சொல்ல வெட்கம்தான், ஆனாலும் உண்மை. புத்தகத்தில் படித்தது உயிரோடு என் வாசலில் வந்து நிற்கிறதே! படபடவென்று சொன்னேன். ஒருத்தி சம்மதத்தோடு அவள் கையைப் பிடித்து எழுதவைத்தால்கூட அது கள்ளக் கையெழுத்து ஆகாது. இங்கே மை அவர்கள் போட்டது. பெயர் அவர்களுடையது. தண்ணீர் அவர்களுக்கே வேண்டும். இதில் யாரை ஏமாற்றினீர்கள்? ஒரு பாதியும் இல்லை, மறுபாதியும் இல்லை.

லாத்தா கடைசி வரை கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணே ஒண்ணு இருக்கு” என்றாள். “என்னையும் சேத்து நாப்பதுதான் அவவ போட்டது. ஒண்ணு நான் போட்டேன். பென்சிலும் நான்தான், மையும் நான்தான்.”

அவள் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் அது. எனக்கு நன்றாகத் தெரியும் அந்தப் பெண்ணை. வகுப்பில் எப்போதும் படியோரம் உட்காருவாள், நடுநடுவே எழுந்து போய் ஐந்து பிள்ளைகளில் ஒன்றை அதட்டிவிட்டு வருவாள். தன் பெயரில் கடைசி எழுத்து ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பென்சில் இல்லாமலே எழுதுவாள். மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். மனு கையெழுத்துக்குச் சுற்றியது அதற்குப் பத்து நாள் கழித்து.

“செத்துப் போனவ பேரையா?”

“அவ வீட்டுக்குப் போனேன். அவ இல்லங்கது அங்க போயி நின்னப்பம்தான் உரைக்கி. புள்ளைய அஞ்சும் வாசல்ல உக்காந்திருக்கு. அதுக்கும் தண்ணி வேணும்லா? அந்த வீட்டுப் பேரு இல்லாம எப்பிடிக் கொடுக்க? போட்டுட்டேன்.”

என் துள்ளல் நின்றுவிட்டது. இது ஏமாற்றுதான். இந்தப் பெயரைப் பார்த்து அதிகாரி ஓர் உயிருள்ள பெண் கேட்கிறாள் என்று நம்புவார். முதல் பாதி முழுசாக இருக்கிறது. இரண்டாவது பாதி இல்லை என்று நான் வகுப்பில் வாதாடலாம். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வார்டு அதிகாரியிடம் வாதாட முடியுமா? அவர் ஒரு பெயர் பொய் என்று கண்டால் நாற்பத்தொன்றையும் பொய் என்றுதான் எழுதுவார்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இறந்தவளின் நாத்தனார் ஊரிலிருந்து வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. அதிகாரி பெயரைக் கூப்பிடும்போது அவள் முன்னால் வந்து, “நான்தான்” என்று நிற்கட்டும். கையெழுத்துப் போடச் சொன்னால் லாத்தா எழுதிக்கொடுக்கும் நாலெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும். அவ்வளவுதானே. போய்ச் சொன்னேன். நாத்தனார் சரியென்று தலையாட்டினாள். லாத்தா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆள்மாறாட்டத்துக்குத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது என்பது அந்த இரண்டு நாளும் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. லாத்தாவைக் காப்பாற்றுகிறோம் என்ற வேகம்.

சனிக்கிழமை அதிகாரி சரியாக மூன்று மணிக்கு வந்தார். மராத்திக்காரர், ஒல்லியான ஆள், காக்கி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சாக்கடைக் கல்லுக்குக் கல் தாவி வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அரைநாள் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். தகரக் கோடவுன் அண்ணாச்சி தன் வாசலில் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். இன்னொரு டின் மேஜையானது. அவர் பேசிய இந்தியை நான் தமிழில் சொன்னேன், பெண்கள் பேசியதை இந்தியில் சொன்னேன்.

“சாப், பூரா சார்ஸோ பீஸ்!” என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். ஏமாற்றுக்கு உள்ள 420 என்ற பிரிவு எண்ணே பம்பாயில் திட்டுச் சொல்லாகிவிட்டிருந்தது. “இதுல ஒருத்திக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பொம்பள ஒருத்தியே உக்காந்து எழுதியிருக்கா.”

“அண்ணாச்சி, உங்க கடை போர்டுல எழுத்துப் பிழை இருக்குன்னு போன மாசம் நான்தானே சொன்னேன்?” என்று கூட்டத்தில் ஒருத்தி குரல் கொடுத்தாள். சிரிப்பு. அண்ணாச்சி போர்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி மனுவை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். “இது என்ன? பென்சில். இதை யார் எழுதியது?”

“நான்” என்று லாத்தா முன்னால் வந்தாள்.

அந்த ‘நான்’ அவ்வளவு சுருக்காக வந்ததில் அவரே கொஞ்சம் திகைத்தார். நான் இடையில் புகுந்து வகுப்பைப் பற்றி, வண்டிப்பாதை முறையைப் பற்றி, இருபது நோட்டுகளைக் கையோடு கொண்டுவந்திருப்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நோட்டுகளைப் புரட்டினார். கெட்டியான பென்சில் கோட்டின் மேல் நடுங்கும் மை, பின் பக்கங்களில் கோடு மங்கி மங்கி, கடைசியில் வெறும் மை. அவர் நோட்டை மூடினார். ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டின்மேல் வைத்தார்.

“ஒவ்வொருத்தராக வரட்டும். பென்சில் கூடாது.”

அதன்பின் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பேனா பிடிக்கும் முன் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுதும்போது நாக்கை வெளியே நீட்டினாள். ஒருத்தி தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, மேலே இடுக்கில் அதைச் செருகினாள். இன்னொருத்திக்குத் தாளில் பாதிக்கு மேல் வேண்டியிருந்தது. “வீட்டுப் பட்டாவா எழுதுத?” என்று பின்னாலிருந்து கேட்டார்கள். லாத்தா முதல் ஆளாகத் தன் பெயரை எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். ஒருத்திக்கும் உதடசைத்துக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. டின்மேல் மை சிந்தியிருந்தது, தகரம் சூட்டில் கொதித்தது, அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாற்பத்தோராவது பெயரைக் கூப்பிட்டார்.

நாத்தனார் ஓரடி முன்னால் வைத்தாள்.

“அவ இல்ல சார்” என்றாள் லாத்தா.

அவள் யாருடைய மொழிபெயர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. தாராவி இந்தியில், தப்பும் தவறுமாக, நேரே அவரைப் பார்த்தே சொன்னாள். அவள் செத்துப்போனாள். மனு எழுதும் முன்னாலேயே போய்விட்டாள். அந்தப் பெயரை எழுதியது நான். பென்சிலும் நான், மையும் நான். இவள் அவளுடைய நாத்தனார், இவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

“பாத்தீங்களா சாப்!” என்று அண்ணாச்சி துள்ளி எழுந்தார்.

அதிகாரி ஃபைலைத் திறந்தார். உள்ளே டைப் அடித்துத் தயாராக ஒரு கடிதம் இருந்தது. தலைகீழாகப் பார்த்தும் என்னால் படிக்க முடிந்தது, அது போலீஸ் ஸ்டேஷனுக்கு. என் வாய் நிற்குமா? நான் சட்டம் படிக்கிறேன் என்றேன். பொய் ஆவணம் என்றால் மோசடி எண்ணம் வேண்டும் என்றேன். ஏமாற்று மட்டும் போதாது, அதனால் ஒருவருக்குக் கேடு வந்திருக்க வேண்டும் என்றேன். இதில் ஏமாற்றுகூட இல்லை என்றுகூடச் சொல்லப் போனேன்.

“தங்கச்சி, சும்மா இரு” என்றாள் லாத்தா. “அது பொய்தான். பொய் இல்லன்னு சொல்லாத. தப்புன்னு தெரிஞ்சே போட்டேன். அந்தப் புள்ளையளுக்கும் சேத்துத் தண்ணி கேக்கணும்னு போட்டேன். வேற ஒண்ணும் இல்ல.”

நான் இதை அப்படியே இந்தியில் சொன்னேன். அதிகாரி அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கள். இந்த ஒரு பெயரால் உங்களுக்கு என்ன நஷ்டம்?”

அண்ணாச்சி கோபத்தில் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். “ஒரு பேரால எனக்கு என்ன நட்டம்? செத்தவளா குடத்தைத் தூக்கிட்டு வரப்போறா? மத்த நாப்பது பேரும் விடியக்காலைல எஞ் சொவத்துல வந்து சாஞ்சுக்கிட்டு நிப்பாளுவளே, அதுல்லா நட்டம்!”

இதை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அதிகாரி சிரித்துவிட்டார். பெண்கள் சிரித்தார்கள். சொன்னது என்னவென்று புரிந்ததும் அண்ணாச்சியே, “இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் பேராசிரியர் அரைமணி நேரம் சொன்னதை அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அந்த நிலையிலும் ஆனந்தமாக இருந்தது.

அதிகாரி அந்த ஒரு பெயரை அடித்தார். பக்கத்தில் தன் சுருக்கொப்பம் போட்டார். பிறகு லாத்தாவிடம், அந்தப் பெயரை எழுதியது தானென்றும் அதைத் திரும்பப் பெறுவதாகவும் ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். நான் அவள் காதருகில் போய், “எழுதாதீங்கோ லாத்தா, அது உங்களுக்கே சாட்சியமாயிடும்” என்றேன். அவள் ஏற்கெனவே பேனாவை வாங்கிவிட்டாள். தமிழில் இரண்டு வரி எழுதினாள், எழுத்து லேபிள் மாதிரி நேராக இருந்தது. அவர் அதை மனுவோடு சேர்த்துக் குத்தினார். போலீஸ் கடிதத்தை ஒன்றும் சொல்லாமல் ஃபைலின் அடியில் செருகிக்கொண்டார்.

கிளம்பும்போது நாத்தனார் வழியில் வந்து நின்றாள். அந்த வீட்டுப் பெயர் இல்லாமல் போய்விட்டதே, தன் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றார். அவளுக்கு எழுதத் தெரியாது. “பென்சில்ல போட்டுத் தரவா?” என்று லாத்தா கேட்க, “நகோ பாயி, நகோ!” என்று அதிகாரி இரண்டு கையையும் ஆட்டினார். நாத்தனார் பேனா மையில் கட்டை விரலைத் தோய்த்துத் தாளில் அழுத்தினாள். கைநாட்டு வைத்ததற்கு அன்று அந்தச் சந்தில் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு லாத்தா ஒரு கவரை நீட்டினாள். கம்பெனியிலிருந்து வந்த பெர்மனென்ட் ஆர்டர். நான் குதித்தேன். அதன் கூடவே ஒரு படிவம் இருந்தது, இங்கிலீஷில். படித்துச் சொன்னேன். என்மீது போலீஸ் விசாரணையோ வழக்கோ எதுவும் நிலுவையில் இல்லை என உறுதி கூறுகிறேன். கீழே கையெழுத்து.

“போடுங்கோ லாத்தா.”

“அந்த ஆபீசர் ஃபைல்ல செருகுன காயிதம் போலீசுக்குப் போச்சா இல்லையான்னு நமக்குத் தெரியாதே.”

“போயிருந்தா இதுக்குள்ள யாராவது வந்திருப்பா. அதுவுமில்லாம இதை யார் போய்ப் பாக்கப்போறா? நீங்க செத்தவ பேரையே பயப்படாமப் போட்டவா!”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, குழந்தைக்குச் சொல்வது போலவும் இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற பார்வை. “அது வேற, இது வேற தங்கச்சி. அந்தப் பொய்யால எனக்கு ஒண்ணும் வரல. ஒருத்தருக்கும் ஒண்ணும் போவல. இதுல கையெழுத்துப் போட்டா எனக்குச் சோறு வருது. அவன் இந்தக் காயிதத்த நம்பித்தான் வேல தரான். இதுல தெரியாமச் சொன்னாலும் அவன் வாயிலயிருந்து புடுங்குன மாதிரிதான்.”

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ‘மோசடியாக’ என்ற சொல்லுக்குச் சட்டம் எழுதியவர்கள் விட்டுப்போன விளக்கம் முழுவதும் அதில் இருந்தது.

மறுநாள் கல்லூரியை மட்டம் போட்டுவிட்டு வார்டு ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி என்னை ஞாபகம் வைத்திருந்தார். கேட்டதும் கொஞ்சம் சங்கடப்பட்டார். அப்புறம் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து அந்தக் கடிதத்தைக் காட்டினார். அனுப்பிய எண் இல்லை, தேதி இல்லை, அவர் கையொப்பமும் இல்லை. “அனுப்புகிற மாதிரி இருந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன்” என்றார். நான் கேட்டதற்காக, என் எதிரிலேயே அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே சயனுக்குப் போய், செம்பூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். லாத்தா இறங்கினாள். இல்லை, அனுப்பவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். “நல்லாப் பாத்தியா?” என்றாள். பார்த்தேன் என்றேன். “நம்பரு?” இல்லை. “கையெழுத்து?” அதுவும் இல்லை.

பையிலிருந்து படிவத்தை எடுத்து, டிபன் டப்பாவின் மூடிமேல் விரித்து, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.